லூமுட்டிலிருந்து கல்லுமலைக்கு

லூமுட்டுக்கு வருகிற பயணிகளில் பெரும்பாலோர் பங்கோர் படகுக்காகவே வருகிறார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் சித்தியவான், ஸ்ரீ இஸ்கண்டார், பத்து காஜா வழியாக ஈப்போ வரை போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். தூரம் எண்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். இப்படி ஒருநாள் உலா போகிறவர்களுக்கு வழிகாட்டி பொழுதை இரண்டாகப் பிரித்துத் தருவது வழக்கம்: முற்பகலில் குகைக் கோயில்களும் பழைய மாளிகையும், பிற்பகலில் மலையும் குகையும் நீரோடையும். முதற்பாதிக்கு மரபு என்று பெயர், இரண்டாவதற்கு இயற்கை என்று பெயர். இந்தப் பிரிவினை பேராக்கின் வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். கிந்தா பள்ளத்தாக்கில் மலையைத் தனியாகவும் கோயிலைத் தனியாகவும் விளக்கினால் இரண்டுமே புரியாமல் போகும். இரண்டுக்கும் நடுவில் வாழ்ந்த மனிதர்கள், குறிப்பாகத் தமிழ்த் தொழிலாளர்கள், கதையிலிருந்தே விழுந்துவிடுவார்கள்.

லூமுட்டிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. எதிரே பங்கோர் தீவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1670ல் ஒரு கோட்டை கட்டியது. பேராக்கின் ஈயத்தைச் சேமித்து வைப்பதும், அந்த வணிகம் வேறு கைக்குப் போகாமல் காப்பதும் அதன் வேலை. 1690ல் உள்ளூர் மக்கள் அதைத் தாக்கினார்கள். 1743ல் டச்சுக்காரர்கள் அதை மீண்டும் எழுப்பினார்கள். ஐந்தே ஆண்டுகளில் கைவிட்டுப் போனார்கள். 1874 ஜனவரி 20 அன்று கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு லூமுட்டும் சுற்றுவட்டாரமும் டிண்டிங்ஸ் என்ற பெயரில் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்க்கப்பட்டு, 1935ல்தான் பேராக்கிடம் திரும்பின. இந்த 61 ஆண்டுப் பிரிவினால்தானோ என்னவோ, லூமுட்டின் கடந்தகாலத்தைச் சொல்பவர்கள் இன்றும் கடலோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: கோட்டை, ஒப்பந்தம், கடற்கொள்ளையர், கடற்படைத் தளம். ஆனால் அந்தக் கோட்டையில் அடுக்கியிருந்த ஈயம் கடலில் விளைந்ததல்ல. அது பேராக்கின் ஆறுகள் வழியாக இறங்கி வந்தது. லூமுட்டிலிருந்து ஈப்போவுக்குப் போகிறவர் அந்த ஈயம் வந்த திசையை நோக்கித்தான் போகிறார்.

கிந்தா பள்ளத்தாக்குக்கு மேற்கே கிளேடாங் மலைத்தொடர், கிழக்கே தித்திவாங்சா. இரண்டும் கருங்கல். நடுவில் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். கருங்கல் மலைகள் சிதைந்து, அவற்றிலிருந்த ஈயமணல் அடித்துவரப்பட்டு, சுண்ணாம்புக்கல் தரையின் பள்ளங்களில் தங்கியது. மழைநீர் கல்லைக் கரைத்துக் குடைந்த வெற்றிடங்கள் குகைகளாயின. கோப்பெங்குக்கு அருகிலுள்ள குவா தெம்புரோங் குகைக்குள்ளேயே ஒரு காலத்தில் ஈயம் தோண்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே சீனத் தொழிலாளர்கள் ஈய லம்பங்களில் இறங்கினார்கள்; தமிழர்கள் இரயில் பாதையிலும் சாலையிலும் நகரத் துப்புரவிலும், பிறகு பால்மரத் தோட்டங்களிலும் உழைத்தார்கள். ஈயத்தைத் தந்த அதே நிலம் இரு சாராருக்கும் வழிபாட்டு இடத்தையும் தந்தது. சீனர்கள் குகைகளில் புத்தரையும் தாவோயிசத் தெய்வங்களையும் வைத்தார்கள். தமிழர்களுக்குக் குன்று என்றாலே முருகன். குன்றுதோறாடல் என்று ஒரு படைவீட்டுக்கே பெயர் சொல்லும் சமூகம், செங்குத்துப் பாறையும் அதன் அடியில் ஒரு குகையும் கண்ட இடத்தில் வேல் நட்டதில் வியப்பில்லை. கோலாலம்பூருக்கு வெளியே பத்துமலையில் தம்புசாமிப் பிள்ளை 1891 வாக்கில் தொடங்கியதும், பினாங்கில் தண்ணீர்மலை என்று நாம் சொல்லும் இடமும், ஈப்போவில் குனோங் சீரோ அடிவாரத்துக் கல்லுமலைக் கோயிலும் ஒரே பழக்கத்தின் மூன்று கிளைகள். கல்லுமலையில் வழிபாடு குகையில்தான் தொடங்கியது. பிறகு மலையடியில் தனிக்கோயிலாக வளர்ந்தது. இன்றும் தைப்பூசத்துக்குப் புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து இரதம் புறப்பட்டுக் கல்லுமலைக்குத்தான் வருகிறது.

இங்கே தோட்டத்துக் கோயில்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பேராக் தமிழர் வரலாற்றின் பெரும்பகுதி தோட்டத்தில் நடந்தது. லயத்து வீடு, பெரட்டு, கங்காணி, கிராணி, மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி: இவ்வளவும் சேர்ந்தால் ஒரு தோட்டம். ஆனால் நிலம் கம்பெனியுடையது. கோயிலைக் கட்டியவர்கள் பெரும்பாலும் துரையின் வாய்மொழி அனுமதியோடு கட்டினார்கள், பட்டாவோடு அல்ல. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமானபோதும், கோயில் இடம் பெயர்ந்தது அல்லது இடிந்தது. மக்கள் சிதறினார்கள். தோட்டத்தின் பெயர்கூட ஒரு சாலை முகப்பில் எழுதியிருந்தால்தான் மிச்சம். குன்றடியில் கட்டிய கோயிலை இப்படிச் சுலபமாகப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அதன் கருவறைக்குக் காரணமே அந்தப் பாறை. அதனால்தான் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரே இடத்தில் நின்று, தலைமுறை தலைமுறையாக ஒரே மக்கள் கூடுகிற இடங்களாகக் குன்றுக் கோயில்கள் நமக்கு மிஞ்சியிருக்கின்றன. மலை இங்கே வெறும் பின்னணிக் காட்சியல்ல, ஆவணக் காப்பகத்தின் வேலையைச் செய்திருக்கிறது.

தோட்டத்துக் கோயில் தங்கிப்போன அரிய இடம் ஒன்று வழியிலேயே இருக்கிறது. பத்து காஜாவுக்கு அருகில் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915ல் கட்டத் தொடங்கிய மாளிகை. அதற்குத் தமிழகத்திலிருந்து கொத்தனார்களை வரவழைத்தார். முதல் உலகப் போரின் முடிவில் பரவிய ஸ்பானியக் காய்ச்சல் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்கள் ஒரு மாரியம்மன் கோயில் வேண்டுமென்று கேட்க, அவர் கட்டிக்கொடுத்தார். கோயிலின் மேலே தெய்வங்களுக்கு நடுவில் வெள்ளை உடையில் அவருடைய உருவமும் இருக்கிறது. ஸ்மித் 1926ல் லிஸ்பனில் இறந்தார், மாளிகை முடியாமலேயே நின்றது. உலா வருகிறவர்கள் மாளிகையின் மின்தூக்கிக் கூண்டையும் பேய்க்கதைகளையும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். நோயில் மாண்டவர்களின் நினைவை இன்றும் தாங்கி நிற்கும் கட்டடமோ சற்றுத் தள்ளி இருக்கிற கோயில்தான். அது தப்பியதற்குக்கூட அருகில் ஒரு சுற்றுலாத் தலம் அமைந்த தற்செயல் உதவியிருக்க வேண்டும். அந்த நல்வாய்ப்பு மற்ற நூற்றுக்கணக்கான தோட்டங்களுக்குக் கிடைக்கவில்லை.

மலையையும் கோயிலையும் ஒன்றாகப் படிப்பது புதிய யோசனை அல்ல. கிரேக்கத்தின் மெதெயோராவில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத் துறவிகள் பதினான்காம் நூற்றாண்டிலிருந்து மணற்கல் தூண்களின் உச்சியில் மடங்களைக் கட்டினார்கள். ஆட்களையும் பொருள்களையும் வலையில் வைத்துக் கயிற்றால் இழுத்தார்கள். பாறையில் படி வெட்டியது 1920களில்தான். இருபத்து நான்கு மடங்களில் இன்று ஆறில்தான் துறவிகள் இருக்கிறார்கள். 1988ல் யுனெஸ்கோ மெதெயோராவை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது பண்பாட்டு மரபு என்றோ இயற்கை மரபு என்றோ பிரிக்கவில்லை. இரண்டும் கலந்த இடம் என்றே பதிவு செய்தது. அதே ஆண்டு ஆதோஸ் மலைக்கும் அதே தகுதி கிடைத்தது. ஆர்மேனியாவில் பாறையைக் குடைந்து அமைத்த கெகார்ட் மடம் 2000ல் பட்டியலில் ஏறியபோது, மடத்தின் பெயரோடு மேல் அசாத் பள்ளத்தாக்கின் பெயரும் சேர்ந்தே எழுதப்பட்டது. அந்த நாடுகளில் ஒருநாள் உலாவாக இவற்றைக் காட்டுகிற வழிகாட்டிகள் மடத்தின் கதையைப் பாறையில்லாமல் சொல்வதில்லை. ஏன் அங்கே ஏறினார்கள் என்ற கேள்விக்குப் பதில் பாறையில்தான் இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கும் 2018ல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கல்லுக்கு மதிப்பு வந்துவிட்டது. அந்தக் கல்லின் நிழலில் வாழ்ந்தவர்களுக்கு அதே அளவு இடம் அந்தக் கதையில் இன்னும் கிடைக்கவில்லை.

ஆறு நூற்றாண்டுப் பழைமையுள்ள மெதெயோராவோடு, சிமெண்டுக் கோபுரமும் ஓட்டுத் தரையும் கொண்ட நம் கோயில்களை ஒப்பிடுவது அளவுக்கு மீறியது என்று சிலர் சொல்லலாம். பேராக் தோங் குகைக்கோயில் 1926ல் தொடங்கியது; சாம் போ தோங்கின் கதை 1890 அளவில்தான் தொடங்குகிறது; கல்லுமலையும் ஏறத்தாழ அதே தலைமுறை. ஆனால் இந்தக் குன்றுகளில் மனிதன் அடையாளம் வைத்தது இந்தக் கோயில்களோடு தொடங்கவில்லை. தம்புனுக்கு அருகே குனோங் பாஞ்சாங் பாறைமுகத்தில் சிவப்புக் கல்பொடியால் வரைந்த விலங்கு, மனித உருவங்களை 1959ல் கூர்க்காப் படையைச் சேர்ந்த ராலிங்ஸ் என்ற அதிகாரி கண்டெடுத்தார். வடக்கே லெங்கோங் பள்ளத்தாக்கின் குகையொன்றில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட மனிதனின் எலும்புக்கூடு கிடைத்தது. அந்தப் பள்ளத்தாக்கு 2012ல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. சுண்ணாம்புக்கல் குகையைப் புனித இடமாகவோ கல்லறையாகவோ பயன்படுத்துவது இந்த மண்ணின் மிகப் பழைய வழக்கம். கப்பலேறி வந்த தமிழரும் சீனரும் அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவர்கள். தவிர, வயது மட்டுமே மதிப்பு என்றால் தொழிலாளர் வரலாறு எங்குமே மரபு ஆகாது. தொழிலாளர்கள் கற்கோட்டை கட்டி வைப்பதில்லை. அவர்கள் விட்டுப்போவது ஒரு கோயில், ஒரு திருவிழா வழித்தடம், ஒரு கல்லறைத் தோட்டம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது, நான் அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்: கோயில்களே மலைக்குக் கேடு செய்திருக்கின்றன. சாம்பிராணிப் புகையும் ஊதுவத்திப் புகையும் குகைக் கூரையைக் கரியாக்கியிருக்கின்றன. தொங்கும் கற்படிவங்களுக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள். குகைத் தரையில் சிமெண்டு ஊற்றியிருக்கிறார்கள். 2018ல் பத்துமலையின் 272 படிகளுக்கு முன் அனுமதியில்லாமல் வண்ணமடித்ததைத் தேசிய மரபுடைமைத் துறை கேள்விக்குள்ளாக்கியது நினைவிருக்கும். குகையின் உள்ளுயிர்களுக்கு இருளும் ஈரமும் வேண்டும். 1970களில் ஆய்வாளர்கள் கண்டறிந்த ஒரு செய்தி இதன் எல்லையைக் காட்டுகிறது: பத்துமலைக் குகைகளில் தங்கும் தேனுண்ணும் வௌவால்கள் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, கடற்கரைச் சதுப்புநிலத்து மரங்களின் பூக்களை நாடுகின்றன. டுரியான், பெத்தாய் மரங்களின் மகரந்தச் சேர்க்கைக்கும் இதே வௌவால்கள்தான் முக்கியம். லூமுட்டைச் சூழ்ந்த சதுப்புநிலத்தைப் பார்க்கிறவர்களுக்கு, கடற்கரைப் பூவும் உள்நாட்டுக் குகையும் ஒரே வாழ்வின் இரு முனைகளாக இருக்க முடியும் என்பதைச் சொல்ல இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை. பத்துமலையில் கோயில் குகைக்கு அருகிலேயே இருட்டுக் குகை என்ற நீண்ட குகை, வேறெங்கும் காணாத ஒரு பழமையான சிலந்தி இனத்தோடு காக்கப்பட்டு வந்திருக்கிறது. வழிபாட்டுக்கு ஒரு பகுதி, உயிர்களுக்கு ஒரு பகுதி என்று ஒரே மலையில் வரையறுக்க முடியும். மலையும் கோயிலும் ஒன்று என்று உணர்ந்தவர்கள்தான் அந்த வரையறையை ஏற்றுக்கொள்வார்கள். கோயிலைச் சுற்றுலா மரபு என்றும் மலையை வேறொரு துறையின் சொத்து என்றும் பிரித்து வைத்தால், சாம்பிராணிக்கும் வௌவாலுக்கும் உள்ள தொடர்பைப் பக்தருக்குச் சொல்ல யாருமே இல்லை.

கோயில் மலையைக் காத்ததா? இதில் நான் எச்சரிக்கையாகவே பேச விரும்புகிறேன். 1985ல் உலக ஈயச் சந்தை சரிந்த பின் கிந்தாவில் லம்பங்கள் வரிசையாக மூடப்பட்டன. சுண்ணாம்புக்கல்லுக்கோ மவுசு குறையவேயில்லை. சிமெண்டு, பளிங்கு, தொழிற்சாலைகளுக்கான சுண்ணாம்பு எல்லாமே இந்தக் குன்றுகளிலிருந்து வருகின்றன; அதில் பலருக்குப் பிழைப்பும் இருக்கிறது. ஈப்போவுக்கு வடக்கே செம்மோரிலுள்ள குனோங் கந்தான் இதன் முழு உருவம். அதில் கல் எடுக்கும் சிமெண்டு ஆலை இருக்கிறது. வேறெங்கும் இல்லாத சிலந்தியும் நத்தையும் இருக்கின்றன. 2014ல் விவரிக்கப்பட்ட ஒரு சின்ன நத்தைக்கு, அப்போது அங்கே கல் எடுத்துக்கொண்டிருந்த லாஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே ஆய்வாளர்கள் வைத்தார்கள், அந்த உயிரின் கதி யார் கையில் இருக்கிறது என்பதை உலகம் பார்க்க வேண்டுமென்று. அதே குன்றில் ஒரு பௌத்தக் குகைமடமும் இருக்கிறது. அதை அகற்றுவது பற்றிய வழக்கு நீதிமன்றம் வரை போனது. நத்தை வழக்குப் போட முடியாது. மடத்தால் முடியும். அதுதான் நான் சொல்லவருவது: கோயில் இருப்பதால் மலை தானாகத் தப்பிவிடாது, ஆனால் மலைக்காகப் பேச ஒரு சபை, ஒரு பதிவேடு, ஆண்டுதோறும் கூடும் கூட்டம் கிடைக்கிறது. பத்துமலையில் 1980களின் தொடக்கத்தில் கல்லுடைப்பு நின்றதற்கு விஞ்ஞானிகளின் குரல் ஒரு காரணம் என்றால், அந்த மலைக்கு இலட்சக்கணக்கானவர்கள் உரிமை கொண்டாடியதும் பின்னணியில் இருந்திருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.

மிகக் கடினமான மறுப்பு உயிரைப் பற்றியது. 1973 அக்டோபர் 18 அன்று குனோங் சீரோவின் பாறைமுகத்திலிருந்து சுமார் 23,000 டன் எடையுள்ள பாளம் பெயர்ந்து, அடிவாரத்து நீள்வீடுகள் மீதும் மாட்டுக் கொட்டகைகள் மீதும் விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். மாடு வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் பல அங்கே இருந்தன. சுண்ணாம்புக்கல் குன்றின் அடியை நீர் அரித்து உள்வாங்கச் செய்யும், மேலே விரிசல் விட்ட பாளம் பிடிப்பை இழக்கும், ஒருநாள் சரியும். 2009ல் பேராக் தோங்கிலும் பாறை சரிந்தது. ஆகவே மலையடியில் கூட்டத்தைச் சேர்க்கும் எதையும் ஊக்குவிக்கக்கூடாது என்று சொல்கிறவர்களின் கவலை உண்மையானது. ஆபத்தான பாறைமுகத்துக்குக் கீழே குடியிருப்பும் கடையும் கூடாதென்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை; பாறையை முறையாக ஆய்வு செய்து, தேவையான இடத்தில் கோயிலின் பகுதிகளை விலக்கிக் கட்டவும் வேண்டும். ஆனால் 1973ஐ வெறும் புவியியல் விபத்தாகச் சொல்வதும் பிழை. நகரத்தின் விளிம்பில், வேறு எவரும் விரும்பாத நிலத்தில் அந்தக் குடும்பங்கள் ஏன் கொட்டகை போட்டன? சொந்த நிலம் இல்லாததால். தோட்டத்தில் கோயிலுக்குப் பட்டா இல்லாததும், நகரத்தில் குடிசைக்கு இடமில்லாததும் ஒரே வரலாறு. பங்கோரின் டச்சுக் கோட்டையைத் தேசிய அருங்காட்சியகம் சீரமைத்ததும் அதே 1973ல்தான். கோட்டையின் கதை தகவல் பலகையில் ஏறியது. குனோங் சீரோவில் மாண்டவர்களைப் பாறை வீழ்ச்சி பற்றிய பொறியியல் கட்டுரைகள் எண்ணிக்கையாகக் குறிப்பிடுகின்றன.

மரபு, இயற்கை என்ற இந்தப் பிரிவினை நடைமுறையிலும் ஊன்றியிருக்கிறது. மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டிக்கு நீல அட்டை, இயற்கை வழிகாட்டிக்குப் பச்சை அட்டை. பயிற்சியும் உரிமமும் வேறு வேறு. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமோ இயற்கை மரபையும் பண்பாட்டு மரபையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்பதால் அந்தச் சட்டத்தைக் குன்றுகளுக்குப் பயன்படுத்த மாநில அரசின் இசைவு வேண்டும். பேராக் அரசு மனம் வைத்தால் கல்லுமலை போன்ற இடத்தை மலை, குகை, கோயில், தைப்பூச வழி, 1973ன் நிலம் எல்லாம் சேர்ந்த ஒரே தலமாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. வழிபாட்டு இடத்தைக் காட்சிப்பொருளாக்கிவிடுவோமோ என்ற அச்சம் பக்தர்களிடம் உண்டு. அந்த அச்சத்துக்கு மெதெயோராவே சாட்சி. கூட்டம் பெருகியதால் அங்கே துறவிகள் சிலர் வேறு மடங்களுக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் எந்த நேரத்தில், எந்த வாசல் வரை, எந்த உடையோடு உலா வரலாம் என்பதைக் கோயில் நிர்வாகமே தீர்மானிக்க வேண்டும். சுற்றுலா நிறுவனத்திடம் அதை விட்டுவிடக்கூடாது.

பதிவு வருவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலையும் உண்டு. 1973ல் இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். புந்தோங்கிலும் குனோங் சீரோவைச் சுற்றியும், பத்து காஜாவிலிருந்து சித்தியவான் வரை பழைய தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களிலும், யார் எந்த லயத்திலிருந்து எந்த ஆண்டு வந்தார்கள், கல்லுமலைக்கு முதல் காவடி எப்போது எடுத்தார்கள், பாறை விழுந்த அன்று எங்கே இருந்தார்கள் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில்களின் நன்கொடைப் பதிவேடுகள், கல்வெட்டுப் பலகைகள், கும்பாபிஷேக மலர்கள் ஆகியவற்றைப் படமெடுத்து ஒரே இடத்தில் சேர்ப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. லூமுட்டிலிருந்து வண்டி கிளப்பும் வழிகாட்டி கல்லுமலையடியில் நின்று பேசும்போது சொல்லவேண்டிய பாதிக் கதை அந்தப் பதிவுகளில்தான் இருக்கிறது.